வீட்டுப் பலா மரத்தில் காய் நறுக்கும் பலகை: உடன்பிறந்தவர்களுக்கு ஆளுக்கொன்று

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது, புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் தென்னைகளோடு எத்தனையோ வீட்டுப் பலா மரங்களும் சாய்ந்தன. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்தில் செய்ததும் இதேதான். அப்படி விழுந்த மரத்தை அறுத்து, விற்க மனமில்லாமல் பரணில் போட்டுவைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அதில் கட்டில் செய்தால் ஒரு வீட்டுக்குத்தான் போகும். காய் நறுக்கும் பலகைகளாகச் செய்தால், அந்த மரத்தின் நிழலில் வளர்ந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒன்று போய்ச் சேரும். ஆனால் பரிசு என்பதற்காக அதை அலங்காரப் பொருளாக்கிவிடக் கூடாது. தினமும் கத்தி படும்படி செய்து கொடுப்பதுதான் முறை. அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்கும் பெரியம்மாவுக்கு இது பயன்படாது. நின்றுகொண்டு சமைப்பவர்களுக்கே கொடுங்கள்.

பலா மரம் இதற்கு ஏற்றதுதான். வீணையும் மிருதங்கமும் செய்யும் மரம் என்பதால் தச்சர்களுக்கு அதன் போக்கு நன்றாகத் தெரியும். அளவான கடினம் உடையது, இழைப்புக்கு வழிவிடும், கத்தியின் முனையையும் எளிதில் மழுக்காது. கறிக்கடைகளில் புளிய மரக்கட்டையைத்தான் போடுகிறார்கள். அது கத்திக்கு மேல் கத்தி தாங்கும், ஆனால் கனமும் இறுக்கமும் கைக்கருவியோடு தொடங்குபவரைச் சோர்வடையச் செய்யும். பழைய தேக்குக் கதவு கிடைத்தாலும் செய்யலாம். அதன் பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால், பெயின்ட் ஊறிய மேற்பரப்பை இழைத்து முழுவதும் எடுத்துவிட்ட மரத்தையே பயன்படுத்த வேண்டும். இழைக்கும்போது முகமூடி அணிவதும், ஆணிகளை முன்பே பிடுங்கிவிடுவதும் அவசியம். கரையானுக்குத் தார் எண்ணெய் பூசிய உத்தரங்கள், பழைய ரயில் சிலிப்பர் கட்டைகள், எட்டி, தில்லை, அலரி போன்ற நச்சு மரங்கள் ஆகியவை எவ்வளவு அழகாக இருந்தாலும் உணவுப் பக்கம் வரவே கூடாது.

பரணில் கிடக்கும் மரத்தை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது வைரத்தை, அதாவது மரத்தின் முற்றிய நடுப்பகுதியை. பலாவில் நடுப்பகுதி மஞ்சளாகவும், பட்டையை ஒட்டிய பகுதி வெளுத்தும் இருக்கும். வெளுத்த பகுதியில்தான் உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் பூச்சி, விழும். குண்டூசித் துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் தெரிந்தால் அந்தப் பகுதியை அறுத்துத் தள்ளிவிடுங்கள், மருந்து அடித்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ஈரம் அடுத்த கேள்வி. நிழலில் காற்றோட்டமாக அடுக்கிய மரம், ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு என்ற கணக்கில் உலரும் என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. ஐயமிருந்தால் ஒரு துண்டை அறுத்துச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்; எடை குறைந்துகொண்டே வந்தால் மரம் இன்னும் ஈரம்தான். அதை இப்போதே ஒட்டினால் சில மாதங்களில் இணைப்பு பிளக்கும், அல்லது பலகை கிண்ணம் போல வளையும்.

முடிந்த பலகைக்குப் பதினான்கு அங்குல நீளம், பத்து அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம் என்று வைத்துக்கொள்ளலாம். இழைப்பில் போவதற்காகக் கனத்தில் இரண்டு நூலாவது (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடுதலாக அறுக்கச் சொல்லுங்கள். பத்து அங்குல அகலத்துக்கு ஒரே பட்டையாகப் போடுவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நீர் பட்டுப் பட்டு வளைவதும் அதுதான். ஆகவே இரண்டரை அங்குல அகலப் பட்டைகள் நான்கை ஒட்டுவது பாதுகாப்பு. இங்கேதான் இந்தப் பரிசின் தனிச் சிறப்பையும் சேர்த்துவிடலாம்: நீளமான ஒரே பலகையிலிருந்து வரிசை மாறாமல் பட்டைகளை அறுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்தடுத்த துண்டுகளைக் கொடுத்தால், அண்ணன் வீட்டுப் பலகையின் ரேகை (மரத்தின் நாரோட்டம்) முடியும் இடத்தில் தங்கை வீட்டுப் பலகையின் ரேகை தொடங்கும். பொங்கலுக்கு எல்லோரும் ஒன்று கூடும்போது பலகைகளை முனையோடு முனை வைத்தால் ஒரே மரமாகத் தெரியும். பட்டைகள் கலந்துவிடாதபடி அறுத்த உடனே பென்சிலால் எண் போட்டுவிடுங்கள்.

ஒட்டும் விளிம்புகளை இழைப்புளியால் நேராக்கி, இரண்டு பட்டைகளைச் சேர்த்து வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். இடையில் கோடாக ஒளி தெரிந்தால் இன்னும் ஒரு சீவல் தேவை. அழுத்திப் பிடித்தால் இடைவெளி மூடிவிடும் என்று நம்பி விட்டுவிட்டால், பின்னாளில் விடுவது அந்த இடமாகத்தான் இருக்கும். பசையைப் பொறுத்தவரை சாதாரண வெள்ளைப் பசை நீரைத் தாங்காது. டைட்பாண்ட் 3 போன்ற நீர்புகாப் பசை, காய்ந்தபின் மறைமுகமாக உணவு படும் இடங்களுக்கும் ஏற்கப்பட்டது. இணையக் கடைகளில் கிடைக்கிறது. இரு விளிம்பிலும் மெல்லிதாகப் பூசி, கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று கிளாம்புகளால் இறுக்குங்கள். இணைப்பு முழுதும் சிறு சிறு முத்துகளாகப் பசை வெளியே வந்தால் அளவு சரி. அதை ஈரத்துணியால் துடைத்துத் தேய்க்காமல், அரைமணி நேரத்துக்குப் பின் அரை இறுக்கமானதும் உளியால் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள்.

பின்னர் இருபுறமும் இழைத்து, உப்புத்தாளை 80, 120, 180, 220 என்ற வரிசையில் ரேகையின் போக்கிலேயே தேயுங்கள். பலாத்தூள் கையையும் சட்டையையும் மஞ்சளாக்கும். தென்கிழக்கு ஆசியாவில் புத்த பிக்குகளின் ஆடைக்குச் சாயம் காய்ச்சுவதே இந்த மரத்தின் சீவல்களில்தான். 220 முடிந்ததும் பலகையை நீரால் நனைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார்கள் நிமிர்ந்து சொரசொரப்பாகும். அவற்றை மீண்டும் 220-இல் லேசாக நீக்கிவிட்டால், பரிசு பெற்றவர் முதல்முறை கழுவும்போது அது திரும்ப வராது. மூலைகளையும் விளிம்புகளையும் ஒரு நூல் அளவுக்கு உருட்டிவிடுங்கள்.

பெயரோ அம்மாவின் கையெழுத்தோ பொறிக்க விரும்பினால் அதை நறுக்கும் முகத்தில் போட வேண்டாம். பள்ளத்தில் இஞ்சியும் பூண்டும் சிக்கி நாற்றம் பிடிக்கும்; அதற்கு அஞ்சியே பலகை அலமாரிக்குப் போய்விடும். குறுகிய பக்கவாட்டு விளிம்பில் ஊர்ப்பெயரும் ஆண்டும் போதும். அம்மா எழுதிய ரசப்பொடி அளவைப் போல நீளமான எழுத்தானால், பின்புறத்தில் கார்பன் தாளால் படியெடுத்து, மரத்தைச் சுட்டு எழுதும் மரச்சூட்டுப் பேனாவால் மெதுவாகத் தீட்டுங்கள். தமிழ் எழுத்தின் சுழிகள் நெருங்கியவை. எழுத்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ‘ண’வும் ‘ன’வும் ஒரே கறையாகிவிடும்.

மெருகூட்டுவதில் பெரும்பாலோர் தடுமாறுவது எண்ணெயில். வார்னிஷ் கத்தி பட்டுச் செதில் செதிலாகச் சாப்பாட்டில் சேரும். கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளி எண்ணெயில் உலர்த்தும் உப்புகள் கலந்திருக்கலாம். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் உலராமல் நாளடைவில் சிக்கு வாடை தரும். மருந்துக்கடையில் கேட்டாலே கிடைக்கும் லிக்விட் பாரஃபின்தான் எளிய வழி. புட்டியை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, பலகை குடிக்குமட்டும் ஊற்றி, இரவு விட்டு, காலையில் துடைத்துவிட்டு, இன்னும் மூன்று முறை இதைத் திரும்பச் செய்யுங்கள். கடைசியாக, நான்கு பங்கு பாரஃபினில் ஒரு பங்கு தேன்மெழுகை, நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி, ஆறியதும் துணியால் தேய்த்துவிடுங்கள்.

கொடுக்கும்போது சில சொற்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் சில கழுவலில் லேசாக மஞ்சள் இறங்கலாம், அஞ்ச வேண்டாம். நீரில் ஊறவிடாமல் உடனே கழுவி, வெயிலில் போடாமல் விளிம்பில் நிறுத்தி உலர்த்த வேண்டும். மீனுக்கும் கறிக்கும் வேறு பலகை வைத்துக்கொள்வது நல்லது. மாதம் ஒருமுறை எண்ணெய் பூச வேண்டும் என்பதால், ஒரு சிறு புட்டி மெழுகெண்ணெயையும் உடன் கொடுத்துவிடுங்கள். கத்திக் கோடுகள் ஆழமாகிவிட்டால் எந்தத் தச்சரும் அரை நூல் இழைத்துப் புதிதாக்கித் தருவார்; ஓர் அங்குலக் கனம் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.