கார் திடீரென்று இழுக்கவில்லையா? பார்க்க வேண்டிய வரிசை

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்: இன்ஜினில் வலு இல்லையா, இருக்கும் வலு சக்கரத்துக்குப் போகவில்லையா? ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஆர்பிஎம் முள் (இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டுவது) எகிறி, வேகம் மட்டும் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. டிஸ்க்கைத் தொடாதீர்கள், புறங்கையை அருகில் காட்டினாலே தெரியும்.

இரண்டும் இல்லையென்றால் காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்த கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுங்கள். அதற்குமுன் பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள், பதிவான கோளாறு எண் அழிந்துவிடலாம். பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை. இன்ஜினை அணைத்து, அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) இரண்டாம் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றி, பதிவான எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0302 வந்தால் காயில் போய்விட்டது. மறுபடி பி0301 என்றால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் (எரிபொருளைப் பீய்ச்சுவது), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) என்று வரிசையாகப் பார்க்கவேண்டும். பலர் இந்தச் சோதனையைச் செய்யாமலே நான்கு காயிலையும் வாங்கிவிடுகிறார்கள்.

பி0171 என்றால் எரிபொருளுக்கு மிஞ்சிய காற்று. ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு) வரை போகும் ரப்பர் குழாயைக் கையால் வளைத்துப் பாருங்கள். மடிப்புக்குள் வெடிப்பு ஒளிந்திருக்கலாம். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைச் சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும்தான். துணி, பிரஷ் கூடாது.

மேட்டில் மட்டும் திணறினால் ஃப்யூயல் பிரஷரை லோடில், அதாவது இன்ஜின் பாரம் இழுக்கும்போது அளக்கவேண்டும். நின்ற நிலையில் சரியான பிரஷர் காட்டும் ஃப்யூயல் பம்ப் ஏற்றத்தில் கைவிடலாம். பிரஷர் சரி, ஆனால் வேகம் கூடக்கூட மூச்சுமுட்டுகிறது என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) அடைப்பைச் சந்தேகியுங்கள்.

இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டவே வேண்டாம்; எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும்.