விண்டோஸ் பக்கத்திலேயே உபுண்டு: முதலில் ஒரு டிக்கை எடுங்கள்

வீட்டுக் கணினியில் விண்டோஸோடு, லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவும் வேண்டுமா? முதலில் விண்டோஸ், அப்புறம்தான் உபுண்டு. வரிசை மாறினால், எதில் நுழைவது என்று கேட்கும் கிரப் மெனு வராமல் போகலாம். உபுண்டுவுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியிலேயே பிரித்து வையுங்கள்; 50 ஜிபி இருந்தால் நிம்மதி.

பலர் அணைக்க மறப்பது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், அதாவது விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் வசதி. அது இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, அரைத்தூக்கம்தான். அந்த நிலையில் உபுண்டுவிலிருந்து சி டிரைவைப் படிக்கலாம், எதையும் சேமிக்க முடியாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கான டிக்கை எடுத்துவிடுங்கள்.

டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருக்கிறதா? அந்தப் பூட்டைத் திறக்கும் ரெகவரி கீயை முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள். 48 இலக்கம், கை வலிக்கும்தான்! போட்டோக்களுக்கு பேக்கப் எடுப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.