விடுபட்ட புள்ளிகள்: ஒரு கோல யோசனை

பெண் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்பதை ஊருக்குச் சொல்ல போஸ்டர் எல்லாம் வேண்டாம், ஒரு சிக்குக் கோலம் போதும்.

ஆறாம் வகுப்பில் எத்தனை மாணவிகள் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டு வரை வந்தார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு பள்ளிக்கு மாறிப் போனவர்களைக் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பு. சேர்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு புள்ளி. முடித்தவர்களின் புள்ளிகளை மட்டும் சுற்றிக் கம்பி இழுங்கள். மற்றவை அப்படியே தனியாக நிற்கட்டும். கோலம் போடத் தெரிந்தவர் கண்ணுக்கு விடுபட்ட புள்ளி உடனே உறுத்தும். நம்மூரில் அது தெரியாத வீடு குறைவுதானே!

கிராம சபை கூடும் ஜனவரி 26 அல்லது ஆகஸ்ட் 15 அன்று, கூட்டம் நடக்கும் இடத்து வாசலில் போடுங்கள். கோலப்பொடி காற்றில் கலையும். அரைத்த அரிசி மாவில் போட்டால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கோலம் போடப் பையன்களையும் உட்கார வையுங்கள். யார் பெயரும் எழுத வேண்டாம், சின்ன ஊரில் அது வம்பு.

ஓரத்தில் 1098 என்று மட்டும் பெரிதாக எழுதுங்கள். படிப்பு நின்ற பிள்ளைக்குக் குழந்தைத் திருமணம் நடக்கப்போவது தெரிந்தால் கூப்பிட வேண்டிய குழந்தைகள் உதவி எண் அதுதான்.