குருத்துவ விழா அழைப்பிதழில் 'சாசர்டோட்டல்' என்னும் சொல்லைக் கையாள்வது எப்படி?

கோட்டாறு, குழித்துறை கத்தோலிக்க மறைமாவட்டப் பங்குகளில், அருட்பணியாளர் ஒருவர் குருப்பட்டம் பெற்று 25 ஆண்டுகள் நிறையும்போது அச்சாகும் ஆங்கில அழைப்பிதழில் 'சாசர்டோட்டல் சில்வர் ஜூபிலி' என்னும் தொடர் இடம்பெறுவதுண்டு. அதைத் தமிழாக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்.

ஈற்றிலுள்ள 'அல்', 'சார்ந்த' என்னும் பொருள் தரும் 'ஆலிஸ்' என்ற இலத்தீன் விகுதியிலிருந்து வந்தது. குருவைக் குறிக்கும் இலத்தீன் எழுவாய் 'சாக்கெர்தோஸ்' என்றாலும், வேற்றுமை ஏற்கையில் அது 'சாக்கெர்தோத்திஸ்' எனத் திரிவதால், எழுவாயில் இல்லாத அந்த இரண்டாவது 'த்' ஒலி ஆங்கிலச் சொல்லிலும் 'ட்' எனத் தங்கிவிட்டது. முற்பகுதியான 'சாக்கெர்' தெய்வத்துக்கென ஒதுக்கப்பட்டதைக் குறிக்கும். பலியாகிய 'சாக்ரிஃபைஸ்', அருளடையாளமாகிய 'சாக்ரமென்ட்', குருவானவர் பூசை உடுப்பு அணியும் சக்கிறீஸ்து அனைத்தும் அதே வேரில் கிளைத்தவை. பிற்பகுதியைக் 'கொடுத்தல்' என்று விளக்குவோர் உண்டு. ஆனால் 'செய்தல், வைத்தல்' என்னும் பொருளுடைய பழைய வேரையே மொழிநூலார் பெரிதும் ஏற்கின்றனர். எனவே, திருச்சடங்கை நிறைவேற்றுபவர் என்பதே நேர்ப்பொருள்.

இப்பொருளை மனத்தில் கொண்டால் பயன்பாடு தெளிவாகும். திருப்பலி நிறைவேற்றுவதும் பாவசங்கீர்த்தனம் கேட்பதும் இச்சொல்லின் எல்லைக்குள் வரும். பள்ளிக்கூட நிர்வாகமும் பங்குக் கணக்கும், அவற்றைக் குருவானவரே பார்த்தாலும், வாரா. தமிழில் 'குருத்துவ' என்னும் அடைமொழி போதும்: 'குருத்துவ வெள்ளி விழா'. 'பாதிரி' இதற்கு ஈடாகாது. தந்தையைக் குறிக்கும் 'பாத்தெர்' என்ற இலத்தீன் சொல் போர்த்துக்கீசியம் வழியாக நம்மிடம் வந்த வடிவம் அது.

சீர்திருத்த மரபைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் அழைப்பிதழாயின் இச்சொல்லைத் தவிர்ப்பதே முறை. அங்கு வழங்கும் 'பிரெஸ்பிட்டர்', மூப்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'பிரீஸ்ட்' என்பதும் அதன் தேய்ந்த வடிவமே என்பது பலருக்கு வியப்பளிக்கும். புதிய ஏற்பாடு சபைத் தலைவர்களை மூப்பர் என்கிறது. ஆசாரியத்துவத்தையோ 1 பேதுரு 2:9 விசுவாசிகள் அனைவருக்கும் உரியதாக்குகிறது. அதனால் சீர்திருத்த சபையினரின் ஆங்கில எழுத்தில் 'சாசர்டோட்டலிசம்' பெரும்பாலும் கண்டனச் சொல்லாகவே வரும்.

மாறாக, இந்துக் கோவில் பூசகர்களான போற்றிமாரின் பூசைக் கடமைகளை ஆங்கிலத்தில் விவரிக்கும்போது 'சாசர்டோட்டல்' தடையின்றிப் பொருந்தும். கிறிஸ்தவத்துக்கு முன்பே உரோமைக் கோவில்களின் பூசகர்களைக் குறித்த சொல்தானே அது!