சியாவ் லான் ஏரிக் குகைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் தாய்லாந்தின் காவ் சோக் தேசியப் பூங்காவில், 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட ரட்சப்பிரபா அணையால் உருவானது சியாவ் லான் ஏரி. அதைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் குன்றுகளை நீர் குடைந்து உண்டாக்கிய குகைகளுக்கு வரும் புதியவர்கள், பருவந்தோறும் அதே தவறுகளைச் செய்யக் காண்கிறேன். காலணி, நீர் புகாத பை ஆகியவற்றைப் பற்றிப் படகிலேயே சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

விழுதுகளைத் தொடுதல்

குகைக் கூரையிலிருந்து விழுதுபோல் தொங்கும் சுண்ணாம்புப் படிவுகளைத் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப்பசை படிந்த இடத்தில் சுண்ணாம்பு படிவது தடைபடும்.

வாசலில் வெயிலைக் கண்டு உள்ளே நுழைதல்

இக்குகைகளுள் ஒன்றான ‘நாம் தலூ’ குகையின் ஊடாகவே ஓர் ஓடை பாய்கிறது. அதனோடு உள்ளே சென்று, ஆழமான இடங்களில் நீந்தி, மறுபுறம் வெளியேறுவது வழக்கம். வெளியே வானம் வெளுத்திருந்தால் உள்ளே ஆபத்தில்லை என்று பலர் நம்புவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. ஏனெனில் குகைக்குள் வரும் வெள்ளம் வாசலில் பெய்த மழையால் வருவதன்று, கண்ணுக்கெட்டாத மேட்டில் பெய்த மழையால் வருவது. ஆழமான மண் மழையை உறிஞ்சி மெல்ல விடும். சுண்ணாம்புக்கல் குன்றில் மண் மெல்லியதாக இருப்பதால், நீர் பிளவுகளிலும் பொந்துகளிலும் விரைந்திறங்கி ஒரே குடைவழியில் சேர்கிறது. அகன்ற ஆற்றில் ஒரு சாண் மட்டுமே உயரக்கூடிய நீர், குறுகிய இடுக்கில் ஆளுயரத்துக்கு ஏறிவிடும். 2007 அக்டோபரில் இக்குகையில் புகுந்த திடீர் வெள்ளத்தில் சுற்றுலாப் பயணிகளும் உள்ளூர் வழிகாட்டிகளும் உயிரிழந்தனர். 2018-இல் வடக்கே தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் சிக்கியதும் மழைவெள்ளத்தால்தான்.

ஒருமுறை எங்கள் வழிகாட்டி ஓடையருகே குனிந்து, தெளிந்த நீரில் பழுப்பு நிறமும் பச்சை இலைகளும் கலந்து வருவதைக் காட்டித் திரும்பச் சொன்னார். பணம் கட்டியாயிற்று என்றும், கைப்பேசி மழை இல்லை என்று காட்டுகிறது என்றும் ஒருவர் வெகுநேரம் வாதிட்டார். வழிகாட்டி அசையவில்லை. வரும்போது கணுக்காலளவு நனைந்து கடந்த அதே ஓடை, திரும்பும்போது எங்கள் இடுப்பைத் தொட்டது. அவ்வாறு மறுக்கும் வழிகாட்டியே நம்பத்தக்கவர். மழைக்காலத்தில் குகை மூடப்பட்டிருக்கும்போது தனியே அழைத்துச் செல்வதாகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

நுழையுமுன் முந்தைய நாள் மேட்டில் மழை பெய்ததா என்று கேளுங்கள். தலைக்கு மேலே பாறை வெடிப்பில் சுள்ளியும் சருகும் செருகியிருந்தால், வெள்ளம் அவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது. நீர் கலங்கினாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே திரும்புங்கள். வழி அடைபட்டுவிட்டால் நீரோடு போட்டியிட்டு வாசலுக்கு நீந்தாமல், எட்டக்கூடிய மிக உயரமான திட்டில் ஏறி, வெள்ளம் வடியும்வரை காத்திருங்கள்.

ஒரே விளக்கு

ஆளுக்கு மூன்று வேண்டும். ஒன்றையாவது தலையில் மாட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசி கணக்கில் சேராது.

வௌவால் எச்சத்தைக் கிளறுதல்

உலர்ந்த எச்சத்தின் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். அதன்மேல் அமர்வதையும், உறங்கும் வௌவால்கள்மீது ஒளி பாய்ச்சுவதையும் தவிருங்கள்.

சொல்லாமல் செல்லுதல்

எந்தக் குகைக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்கியிருக்கும் மிதவை வீட்டில் சொல்லிவிட்டுப் படகேறுங்கள்.