நோயாளியின் கதை கேட்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவத்தை இலக்கியம், வரலாறு, நாடகம், மானிடவியல் வழியாகவும் படிக்கும் துறைக்கு மெடிக்கல் ஹியூமானிட்டீஸ் என்று பெயர். இந்தியாவில் 2019இல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டம் மருத்துவ அறத்தையும் நோயாளியிடம் பேசும் முறையையும் கட்டாயப் பாடமாக்கியது. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடலோர ஊர்களுக்கு நோட்டும் பேனாவுமாகக் கிளம்பும் மாணவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரி விழாவில் டாக்டர் கவிதை வாசிப்பதும் வார்டு சுவரில் படம் வரைவதும்தான் இந்தத் துறை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதெல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் துறையின் உயிர், நோயாளி சொல்வதை ஒரு கதையை வாசிக்கும் கவனத்தோடு கேட்பதில் இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டாக்டர் ரீட்டா சாரன் தன் மாணவர்களுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார்: கேஸ் ஷீட்டில் எழுத இடமில்லாத, ஆனால் எங்காவது எழுதியே ஆக வேண்டிய விஷயங்களைத் தனியாகச் சாதாரண மொழியில் எழுதி வையுங்கள்.

அந்தத் தனி நோட்டு நம் கடற்கரையில் எவ்வளவு தேவை என்பதற்கு, கேஸ் ஷீட்டில் 'தொழில்' என்ற கட்டத்தைப் பார்த்தாலே போதும். பாம்பன், சின்னப்பாலம் பக்கத்திலிருந்து மூட்டுவலி என்று வரும் பெண்ணுக்கு அதில் 'ஹவுஸ்ஒய்ஃப்' என்று எழுதிவிடுவது மிகச் சுலபம். அவர் கடல்பாசி எடுக்கப் போகிறவராக இருக்கலாம். சேலைக்கு மேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறையில் கை கிழியாமல் இருக்க விரல் விரலாகச் சுற்றிய துணி, இவைதான் அவருடைய பாதுகாப்புக் கவசம். மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய பாசியைக் கையால் பிய்த்தெடுப்பது அவர் வேலை. அந்த விரல்களை ஒரு நிமிடம் கையில் வாங்கிப் பார்த்தால் வலி எங்கிருந்து வருகிறது என்று புரியும். "தண்ணியில நிக்காதீங்கம்மா" என்று சொல்லி அனுப்பினால் அவர் தலையாட்டிவிட்டுப் போய் மறுநாள் கடலில்தான் இறங்குவார்.

எப்போதிருந்து வலி என்ற கேள்வியிலும் இதே கோளாறு நடக்கிறது. "தடைக்காலத்துல ஆரம்பிச்சது" என்று, மீன்பிடித் தடைக் காலத்தைச் சுட்டி, விசைப்படகுத் தொழிலாளி சொன்னால் நாம் 'இரண்டு மாதம்' என்று எழுதி முடித்துவிடுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அவர் படகு கடலுக்குப் போகாது. வருமானம் நின்று கடன் ஏறும் காலம் அது. கடலுக்குப் போகாத நாளில் ஏன் நெஞ்சு படபடக்கிறது, ஏன் தூக்கம் வரவில்லை என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் மாத எண்ணிக்கையை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இன்னொரு தவறு, வெளியூர் கேள்விகளை அப்படியே கொண்டுவருவது. மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மனும் அவருடைய சகாக்களும் 1978இல் எழுதிய கேள்விகள் உலகம் முழுக்கப் பிரபலம். "இந்த நோய் எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள்?" என்பது அவற்றில் ஒன்று. அருமையான கேள்வி. இங்கே கேட்டால், "அதச் சொல்லத்தான டாக்டரு நீங்க இருக்கீங்க" என்று பதில் வரும். "வீட்டுல பெரியவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கண் திருஷ்டி, கடன், மருமகளோடு வந்த சண்டை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் வரும் தர்கா உள்ள ஏர்வாடி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை எரிந்ததில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதை மூடநம்பிக்கைக் கதையாக மட்டும் எழுதுவது தவறு. வேறு எங்கே கொண்டுபோவது என்று தெரியாத குடும்பங்கள், அவர்களிடம் காசு வாங்கிப் பிழைத்த காப்பகங்கள், கண்டுகொள்ளாத நிர்வாகம் மூன்றும் அந்தக் கதையில் இருக்கின்றன. எதிர்ப்பக்கம் போய், தர்கா வழிபாடே போதும் என்று உருகி எழுதுவதும் அதே அளவு தவறு. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஏர்வாடியிலேயே துவாவும் (பிரார்த்தனையும்) மருந்தும் சேர்ந்து கிடைக்கும் ஏற்பாடு பின்னால் வந்தது. தர்காவுக்கு வந்தவரை அங்கேயே மனநல மருத்துவர் பார்க்கலாம் என்ற அந்த யோசனை எனக்கு மிகவும் மதிப்பானதாகப் படுகிறது.

கடைசியாக, கேட்ட கதையை என்ன செய்வது என்பது. பெயரை மாற்றிவிட்டோம், போதும் என்று நினைக்காதீர்கள். சின்ன ஊரில் வயது, தெரு, எத்தனை பிள்ளைகள் என்று சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் போவது குற்றம் என்பதால், காலில் காயம் எங்கே பட்டது என்று பாசி எடுக்கும் பெண் சொல்லத் தயங்கலாம். நம்பிச் சொன்னதை நீங்கள் கட்டுரையில் ஊர்ப் பெயரோடு போட்டால் வம்பு அவருக்குத்தான். ஆஸ்பத்திரியில் வாங்கிய கையெழுத்து இதற்கெல்லாம் சம்மதம் ஆகாது. எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்று அவர் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள். அதனால் கட்டுரை இளைத்தாலும் சரி.