வீட்டுப் பெரியவர்களின் வாட்ஸ்அப், ஃபேஸ்புக்கைப் பூட்டிக் கொடுப்பது எப்படி?

பட்டுக்கோட்டைப் பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வருகிறவர்கள் வேலை முடிந்ததும் போனை நீட்டி, "தம்பி, இதையும் கொஞ்சம் பாருங்க" என்பார்கள். பிரைவசி என்று பேச்செடுத்தால், "எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று உடனே பதில் வரும். அப்படிக் கேட்கும் அக்காவே நாத்தனார் கண்ணில் படாதபடி ஸ்டேட்டஸ் போடுவார். அந்த வழி அவருக்கு அத்துபடி.

தெரிந்தவர்களிடம் மறைப்பதற்கு நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கண் பட்டுவிடும், கடன் கேட்பார்கள், ஊரெல்லாம் பேசுவார்கள் என்ற கணக்கு எல்லோரிடமும் உண்டு. முன்பின் தெரியாத ஒருவன் நம் படத்தை எடுத்து என்ன செய்துவிடப் போகிறான் என்பதுதான் பிடிபடுவதில்லை. அதனால் அம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால் ஹேக்கர், டேட்டா என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். "உங்க ஸ்டேட்டஸை யார் பார்க்கக் கூடாதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். யோசிக்காமல் ஒரு பெயர் வரும்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதில் பிரைவசி, அதில் ஸ்டேட்டஸ். 'மை கான்டாக்ட்ஸ் எக்செப்ட்' என்ற இடத்தில் அந்தப் பெயரைத் தொடச் சொல்லுங்கள். நீங்கள் தொடாதீர்கள், அவர் விரலே போகட்டும். "அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?" என்று அடுத்த கேள்வி வரும். வாட்ஸ்அப் யாருக்கும் தகவல் சொல்லாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். மனஸ்தாபம் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே எதையும் பூட்டாமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்தப் பக்கத்தை மூடுவதற்குள் 'ப்ரொஃபைல் போட்டோ'வை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றிவிடுங்கள். அது 'எவ்ரிஒன்' என்று இருந்தால், எண் தெரிந்த யாரும் படத்தைப் பார்க்கலாம். அதே படத்தைப் புது எண்ணில் வைத்துக்கொண்டு, "மாமா, இது என் புது நம்பர், அவசரமா பணம் வேணும்" என்று கேட்பது இப்போது நடக்கிற மோசடி. படம் தெரிந்த முகமாக இருப்பதால் மாமாவும் அனுப்பிவிடுகிறார். 'குரூப்ஸ்' என்பதையும் 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். கண்ட கண்ட பங்குச்சந்தைக் குழுவில் எவனோ சேர்ப்பது நின்றுபோகும். அப்புறம் 'அக்கவுன்ட்' பகுதிக்குப் போய் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனில் (நம் எண்ணை வேறொருவன் தன் போனில் போட்டுக்கொள்ளாதபடி இருக்கும் இரண்டாவது பூட்டு) 6 இலக்கப் பின் போடுங்கள். பிறந்த தேதியைப் போட விடாதீர்கள்.

லாஸ்ட் சீன், நீல டிக் இரண்டிலும் பெரும்பாலானவர்கள் பின்வாங்குவார்கள். நம்முடையதை மறைத்தால் மற்றவர்களுடையதும் நமக்குத் தெரியாது. மகன் வெளியூரில் இருக்கும் அம்மாவுக்கு அவன் கடைசியாக எப்போது வாட்ஸ்அப்புக்கு வந்தான் என்று பார்ப்பது ஒரு நிம்மதி. அதைப் பறிக்க வேண்டாம், விட்டுவிடுங்கள்.

ஃபேஸ்புக்கில் எனக்கு முக்கியம் நண்பர்கள் பட்டியல். போலிக் கணக்கு ஆரம்பிக்கிறவன் முதலில் படத்தை எடுக்கிறான். அடுத்து அந்தப் பட்டியலைத் திறந்து, அதில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ரிக்வெஸ்ட் அனுப்புகிறான். பட்டியல் கிடைக்காவிட்டால் யாரிடம் பணம் கேட்பது என்றே அவனுக்குத் தெரியாது. செட்டிங்ஸில் நண்பர்கள் பட்டியலை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் 'ஒன்லி மீ' வையுங்கள். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' அழுத்தினால் பொதுவில் கிடந்ததெல்லாம் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும். நண்பர் அல்லாதவர்கள் நம் பதிவுகளைப் பார்க்க முடியாதபடி மூடும் ப்ரொஃபைல் லாக்கையும் போட்டுவிடுங்கள், அது 2020-இல் இந்தியாவில் வந்தது. ஆனால் வருகிற ரிக்வெஸ்டையெல்லாம் ஏற்றுக்கொண்டால் அந்தப் பூட்டால் பயனில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் "எங்கிட்ட என்ன இருக்கு" என்பவரிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்பது தேர்தல் பிரசார வேலை செய்த ஒரு நிறுவனம்; ஃபேஸ்புக்கில் ஒரு கேள்வி-பதில் ஆப் வழியாக எடுக்கப்பட்ட மக்களின் விவரங்கள் அதன் கைக்குப் போயின. அந்த விவகாரத்தில் 2018 ஏப்ரலில் ஃபேஸ்புக்கே சொன்னது: அந்த ஆப்பை இந்தியாவில் போட்டவர்கள் 335 பேர். விவரங்கள் போயிருக்கக்கூடும் என்று சொல்லப்பட்டவர்கள் சுமார் 5.62 லட்சம் பேர். ஆப்பைப் போட்டவர்களின் நண்பர்கள் என்பதுதான் மற்றவர்கள் மாட்டிக்கொள்ளக் காரணம். தன் விவரம் போனால் போகட்டும் என்பவர்கூட, பேத்தியின் படம் என்றால் நிமிர்ந்து உட்காருவார்.

காதுகுத்துப் பத்திரிகையைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். அதை முழுசாக ஸ்டேட்டஸில் வைக்கிறோம். தாத்தா பாட்டி பெயர், தாய்மாமன்கள் பெயர், வீட்டு முகவரி, போன் எண், என்றைக்கு எத்தனை மணிக்கு வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது வரை அதில் இருக்கிறது. அழைக்க வேண்டியவர்களுக்குத் தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள். தனியாக அனுப்பினால் அவர்களுக்கும் மரியாதை. விழாப் படங்களை வீடு திரும்பிய பிறகு போடலாம்.

ஏற்கெனவே போலிக் கணக்கு வந்துவிட்டதா? அந்தக் கணக்கின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, வேறொருவர் போல நடிக்கிறார் என்று நீங்களும் உறவினர்களும் ரிப்போர்ட் செய்யுங்கள். யாராவது பணம் அனுப்பிவிட்டிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.